மூன்று ஜோடிக் கண்களும் ஒரு ரேடாரும்: தெருவாசிகள் வேகத்தை அளப்பது எப்படி?

பிரிட்டனில் ஊருக்குள் ஓடும் சாலைகளின் ஓரம், பகல் வேளையில், மஞ்சள் ஒளிர்சட்டை அணிந்த மூன்று பேர் நிற்பதைப் பார்க்கலாம். ஒருவர் கையில் முடி உலர்த்தும் கருவி போல ஒன்று இருக்கும். இன்னொருவர் கண் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டில் இருக்கும். மூன்றாமவர் கையில் அட்டையில் செருகிய படிவம். இவர்கள் போலீஸ்காரர்கள் அல்லர். அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர்கள். திட்டத்தின் பெயர் ‘கம்யூனிட்டி ஸ்பீடுவாட்ச்’. காவல்துறை பயிற்சி கொடுத்து, நிற்கப்போகும் இடத்துக்கும் ஒப்புதல் தந்த பிறகே இவர்கள் சாலைக்கு வருகிறார்கள். வண்டியை நிறுத்தும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. அபராதமும் போட முடியாது. இவர்கள் எழுதித் தரும் ஒரு வரியை வைத்து, அந்த வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் காவல்துறை ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும்.

அந்த ஒரு வரி தப்பாக இருந்தால், ஒழுங்காக வண்டி ஓட்டிய ஒருவர் வீட்டுக்கு அந்தக் கடிதம் போகும். அதனால் இந்த வேலையின் நுட்பம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றி அமைந்திருக்கிறது: பிழை நேர்ந்தால், அது ஓட்டுநருக்குச் சாதகமாகவே நேர வேண்டும். கருவி, நிற்கும் இடம், எழுதும் முறை எல்லாம் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை.

முதலில், சில மைல் வேகக் கூடுதலுக்கு ஏன் இத்தனை ஏற்பாடு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளுக்கு மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் என்ற வரம்பு 1935 முதல் இருக்கிறது (வேல்ஸ் மட்டும் 2023இல் அதை 20 மைலாகக் குறைத்தது). அந்நாட்டுச் சாலை விதிநூல், 30 மைல் வேகத்தில் செல்லும் கார் நிற்க 23 மீட்டர் ஆகும் என்கிறது. ஓட்டுநர் சுதாரிக்கும் நேரத்தில் 9 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு 14 மீட்டர். இதே சுதாரிப்பு நேரத்தையும் இதே பிரேக்கையும் வைத்துக்கொண்டு 35 மைலில் வரும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சுதாரிக்கும் முன்பே 10.5 மீட்டர் போய்விடும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே 23ஆவது மீட்டரில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 20 மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 33 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்தால், முதல் கார் தொடாமல் நின்றுவிடும். இரண்டாவது கார் எலும்பை முறித்துவிடும். வேகமானியில் ஐந்தே மைல் வித்தியாசம்.

இனி கருவிக்கு வருவோம். தன்னார்வக் குழுக்கள் பரவலாகப் பயன்படுத்துவது கையடக்க ரேடார். விளையாட்டில் பந்தின் வேகத்தை அளக்க வந்த புஷ்னெல் வெலாசிட்டி போன்ற கருவிகளே பல குழுக்களிடம் இருக்கின்றன. அது 24.125 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு 2,412.5 கோடி முறை அதிரும் நுண்ணலையை அனுப்புகிறது. எதிரே வரும் கார் அதைத் திருப்பி அனுப்பும்போது அதிர்வெண் சற்று ஏறிவிடும். ரயில் நம்மை நோக்கி வருகையில் ஹாரன் சத்தம் கீச்சென்றும், கடந்து போனதும் தணிந்தும் கேட்பதற்குக் காரணமான அதே டாப்ளர் விளைவுதான் இது.

ஏற்றம் மிகச் சிறியது. 30 மைல் வேகத்துக்கு 2,158 ஹெர்ட்ஸ்தான். விநாடிக்கு 2,412.5 கோடி அதிர்வில் இந்த இரண்டாயிரத்தைத் தனியாக எண்ணுவது எப்படி? தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்கு இதற்கு விடை தெரியும். ஏறக்குறைய ஒரே சுருதியில் உள்ள இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது, ஏறியும் இறங்கியும் ஒரு விம்மல் கேட்கும். விநாடிக்கு எத்தனை விம்மல்களோ, அதுவே இரண்டுக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம். ரேடாரும் அனுப்பிய அலையில் கொஞ்சத்தைத் திரும்பி வந்த அலையோடு கலந்து, விம்மலை மட்டும் எண்ணுகிறது. மணிக்கு ஒரு மைலுக்குச் சுமார் 72 விம்மல். வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். மரம், கம்பம், நிறுத்தி வைத்த வண்டி எதுவும் நகராததால் அவை விம்மலே தருவதில்லை. இசைக்கவையைத் தட்டி ரேடாரின் முன்னால் பிடித்தால் அதையும் ஒரு கார் என்று எண்ணி வேகம் காட்டும்; காவல்துறை ரேடார்களை இப்படிச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

ரேடார் அளப்பது, கார் கருவியை நோக்கி நெருங்கும் வேகத்தை. காரோ கருவியின் மேல் ஏறி வருவதில்லை, பக்கத்தில் கடந்து போகிறது. இந்தக் கோணத்தால் வருவது கொசைன் பிழை. காரின் பாதையிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வையுங்கள். கார் 30 மீட்டர் தொலைவில் இருக்கும்போது கோணம் 6 பாகைக்கும் குறைவு. பிழை அரை சதவீதம்தான். 10 மீட்டரில் 4 சதவீதம். 5 மீட்டருக்கு வந்துவிட்டால் 14 சதவீதம். 35 மைலில் போகிற கார் 30 என்று காட்டும். நல்ல செய்தி, நிலையாக நிற்கும் கருவியில் இந்தப் பிழை எப்போதும் குறைத்தே காட்டும், கூட்டிக் காட்டாது. அதாவது நமது விதிக்கு இயற்கையே துணை நிற்கிறது. ஆனாலும் பயன்படும் அளவு வேண்டுமென்றால், நேர்ச் சாலையில், வண்டி தொலைவில் இருக்கும்போதே அளந்துவிட வேண்டும். வளைவில் நின்று அளப்பதில் பலனில்லை.

ஓட்டுநருக்குப் பாதகமான பிழைகள் வேறு வழிகளில் வருகின்றன. கவனமெல்லாம் அங்கேதான் வேண்டும். ரேடார் கற்றை டார்ச் வெளிச்சம் போல விரியும். 12 பாகை விரியும் கற்றை 100 மீட்டரில் 21 மீட்டர் அகலம் ஆகிவிடும். சாலை முழுவதும், இரு ஓரங்களும் அதற்குள் அடக்கம். திரையில் வரும் எண் எந்த வண்டியுடையது என்று கருவி சொல்லாது. எளிய கருவிகளுக்கு வண்டி வருகிறதா போகிறதா என்பதும் தெரியாது. விம்மலின் எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றே. தொலைவு இரட்டிப்பானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகத் தேயும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு லாரியின் தட்டையான முகப்பு, சிறிய காரைவிடப் பல மடங்கு வலுவாக எதிரொலிக்கும். முன்னால் ஒழுங்காக வரும் சிறிய காரைக் குறிவைத்தால், பின்னால் விரையும் லாரியின் வேகம் திரையில் வந்துவிடலாம். இதற்குக் கருவியில் மருந்து இல்லை. மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்: வண்டி தனியாக வந்தால் மட்டும் பதிவு, இரண்டு சேர்ந்து வந்தாலோ, எதிர்த்திசையில் ஒன்று கடந்தாலோ எழுதுவதில்லை. பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித் தர வேண்டியது இதைத்தான்.

கையும் ஆடக் கூடாது. கருவியை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் முன்னே வீசினால் இரண்டு மைல் கூடுதலாகக் காட்டும். காருக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அளந்தால், ஏசி விசிறியின் சுழற்சியையே வேகமாகப் படிக்கக்கூடும். பேட்டரி இறங்கிய கருவியை அன்றைக்கு மூட்டை கட்டிவிடுவது நல்லது.

சில குழுக்களிடம் லேசர் கருவி இருக்கிறது. அது விம்மலை எண்ணுவதில்லை. 905 நானோமீட்டர் அருகே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புகளாக அனுப்பி, போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 100 மீட்டர் தொலைவுக்கு அந்த நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. துடிப்புக்குத் துடிப்பு தொலைவு எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து வேகம் வரும். 100 மீட்டரில் லேசர் புள்ளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான் இருக்கும் என்பதால் ‘எந்த வண்டி?’ என்ற குழப்பம் இல்லை. ஒளியை வந்த வழியே திருப்பும் நம்பர் பிளேட்தான் சிறந்த இலக்கு. அளக்கும்போது புள்ளி முன்கண்ணாடியிலிருந்து பிளேட்டுக்கு வழுக்கி இறங்கினால், காரின் அந்த நீளமும் நகர்ந்த தூரமாகச் சேர்ந்து வேகத்தைக் கூட்டிவிடும். நல்ல கருவிகள் இப்படிச் சீரற்று வரும் தொலைவுகளைக் கண்டு, எண்ணுக்குப் பதில் பிழை என்று காட்டும்.

வேகம் வாசித்தாயிற்று, இனி பிளேட். மணிக்கு 35 மைல் என்பது விநாடிக்கு 15.6 மீட்டர். பிளேட் எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர். கண்ணுக்கு அது தெளிந்து, வண்டி கடக்கும் வரை கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகள்தான். தவறினால், பின்பக்க மஞ்சள் பிளேட்டில் இன்னொரு வாய்ப்பு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு அங்கே பின்பக்கம் மட்டும்தான் பிளேட். வாசிப்பவர் பி, டி, ஈ என்று சொன்னால் வண்டி இரைச்சலில் மூன்றும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் ‘பிராவோ, டெல்டா, எக்கோ’ என்று சொல்லும் முறை உதவுகிறது. 2001 முதல் வந்த பதிவெண்கள் இரண்டு எழுத்து, இரண்டு எண், மூன்று எழுத்து என்ற ஒழுங்கில் இருப்பதால், வட்டமாகத் தெரிவது சுழியமா ‘ஓ’வா என்பதை அது நிற்கும் இடமே சொல்லிவிடும்.

பதிவெண்ணோடு வண்டியின் தயாரிப்பு, மாடல், நிறம், நேரம், இடம், வேகம் எல்லாம் எழுத வேண்டும். நிறம் எதற்கு என்று தோன்றலாம். இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பூட்டு அதுதான். காவல்துறை பதிவேட்டைத் திறந்து பார்க்கையில் அந்த எண் வெள்ளை வேனுக்கு உரியது, படிவத்திலோ சிவப்புக் கார் என்றால், யாரோ ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள், கடிதம் போகாது. பிளேட்டே போலியாக இருந்தாலும் இந்த முரண்பாடு காட்டிக்கொடுக்கும். பதிவேட்டில் உள்ள பெயரும் முகவரியும் தன்னார்வலர்களுக்குத் தரப்படுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியாகவும் இருக்கலாம் என்பதால் இது அவசியமான தடை.

30 மைல் சாலையில் 31இல் போனவரை எழுதுவதில்லை. பிரிட்டன் காவல்துறையின் வழிகாட்டுதல், வரம்போடு பத்து சதவீதமும் அதன்மேல் 2 மைலும் சேர்த்தது: 30க்கு 35, 40க்கு 46. குழுக்களும் பெரும்பாலும் இதையொட்டியே பதியத் தொடங்குகின்றன. ‘என் மீட்டரில் குறைவாகத்தான் காட்டியது’ என்று சிலர் வாதிடலாம். காரின் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது சர்வதேச விதி; கூட்டிக் காட்ட மட்டுமே அனுமதி உண்டு. உண்மையில் 36இல் போயிருந்தால், பழுதில்லாத மீட்டர் 36 அல்லது அதற்கு மேல்தான் காட்டியிருக்கும். இதே காரணத்தால், சொந்தக் காரை ஓட்டி மீட்டரைப் பார்த்து ரேடாரைச் சரிபார்க்க நினைப்பதும் தவறு. ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடலாம்.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் இந்த அளவை வைத்துத் தண்டிக்க முடியாது. தண்டனைக்கு அரசு வகை ஒப்புதல் பெற்ற கருவி வேண்டும். விளையாட்டு ரேடாருக்கு அது இல்லை. எனவே முதல் முறை கடிதம், மறுபடியும் சிக்கினால் இன்னும் கடுமையான கடிதம். அதற்கும் அடங்காதவர் வீட்டுக்குப் போலீஸ்காரர் நேரில் போகலாம், அல்லது அவர் வழக்கமாக வரும் நேரத்தில் ஒப்புதல் பெற்ற கருவியோடு காத்திருக்கலாம்.

குழுவினர் புதருக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை. வண்டி மோத வந்தால் விலக இடம் உள்ள, ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரிகிற இடத்தில், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்பார்கள். மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் கால் பிரேக்குக்குப் போவது இயல்பு. அது நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துப் புள்ளிவிவரத்தை வைத்து ‘எங்கள் சாலையில் வேகம் இவ்வளவு’ என்று சொல்ல முடியாது. அது ஆள் நிற்கும்போது உள்ள வேகம்.

உண்மை நிலவரம் வேண்டுமென்றால் உள்ளூராட்சியிடம் குழாய்க் கணக்கெடுப்பு கேட்க வேண்டும். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களை, ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம், ஆணியடித்துப் பதிப்பார்கள். டயர் ஏறும்போது குழாயில் ஓடும் காற்றழுத்தத்தை ஓரத்துப் பெட்டி உணரும். இரண்டு அழுத்தங்களுக்கும் இடையே விநாடியில் ஆயிரத்தில் 75 பங்கு என்றால் 30 மைல். 64 பங்கு என்றால் 35. ஒரு வாரம் இரவும் பகலும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, நூற்றில் 85 பேர் எந்த வேகத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்பதை. 30 மைல் சாலையில் அது 37 என்று வந்தால், பிழை சாலையின் அமைப்பிலேயே இருக்கிறது. குறுக்கவோ மேடு போடவோ வேண்டும். அது 31 என்று வந்து, நூற்றில் இரண்டு பேர் மட்டும் 50இல் பறக்கிறார்கள் என்றால் மேடு வீண். அந்த இருவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைப் பெட்டி பதிந்து வைத்திருக்கும். கேமரா வேனை அந்த மணிக்கு அனுப்பலாம்.