உறைவிந்துக் குச்சி: கொள்கலனின் கழுத்தில் கடக்கும் சில விநாடிகள்

மாடுகளுக்குச் சினை ஊசி போடப் பயன்படும் உறைவிந்துக் குச்சி, ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் பருமனும் கொண்ட மெல்லிய நெகிழிக் குழாய். அதனுள் இருப்பது கால் மில்லிலிட்டர் விந்துக் கலவை; அதில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள். ஊட்டியிலோ, தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையிலோ, சென்னையை அடுத்த அலமாதியிலோ தயாராகும் இக்குச்சி, திரவ நைட்ரஜனில் மூழ்கியபடியே கிடங்கு, கால்நடை மருந்தகம், கிளை நிலையம் எனக் கைமாறிக் கடைசியில் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. வழியில் எங்கேனும் அது கெட்டுப்போயிருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. நிறம் மாறாது, நாற்றம் வராது, மேலே அச்சிட்டிருக்கும் காளை எண்ணும் அழியாது. இரண்டு மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத நிலையில் பழி பெரும்பாலும் மாட்டின் மீதே விழுகிறது; நல்ல கறவை மாடுகள்கூட மலடு என்ற பெயரோடு சந்தைக்குப் போய்விடுகின்றன. அதனால்தான் குச்சிக்குள் நடப்பதை, ஊசி போடுபவர் மட்டுமல்லாமல் மாடு வளர்ப்பவரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

விந்தணுவை உறைய வைப்பதில் உள்ள முதல் சிக்கல் தண்ணீர். உயிரணுவின் பெரும்பகுதி நீர்தான். மிக வேகமாகக் குளிர்வித்தால் அந்நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே பனிப்படிகமாகி, நுண்ணிய உள்ளமைப்புகளைச் சிதைக்கிறது. மிக மெதுவாகக் குளிர்வித்தால் வெளியே உள்ள நீர் முதலில் உறைய, எஞ்சிய திரவத்தில் உப்பின் செறிவு ஏறி, உயிரணுவிலிருந்து நீரை உறிஞ்சி அதை வாட்டிவிடுகிறது. இந்த இரண்டு கேடுகளுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதைதான் உண்டு என்பதை 1972-இல் பீட்டர் மேசூரும் அவருடைய சக ஆய்வாளர்களும் தெளிவாக விளக்கினர். அதற்கு முன்பே, 1949-இல், இலண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவர், கிளிசரால் சேர்த்து உறைய வைத்த சேவல் விந்தணுக்கள் உருகிய பின்னும் உயிர்ப்புடன் நீந்துவதைக் கண்டறிந்திருந்தனர். இன்றைய கால்நடைக் கருவூட்டல் முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மீதே நிற்கிறது.

விந்து நிலையத்தில் காளையிடமிருந்து சேகரித்த விந்தைச் சோதித்தபின், முட்டை மஞ்சள் கரு, தாங்கல் உப்பு, சர்க்கரை, கிளிசரால், நுண்ணுயிர்க்கொல்லி ஆகியவை அடங்கிய கரைசலில் கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப் பொருட்கள், குளிரும்போது விந்தணுவின் மேலுறை விறைத்து வெடிக்காமல் காக்கின்றன. கலவையைக் குச்சிகளில் நிரப்பி, சுமார் 4 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து, நைட்ரஜன் ஆவியில் சில நிமிடங்களில் உறைய வைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் இறக்குகிறார்கள். குச்சி இவ்வளவு மெலிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு: குளிரும் சூடும் நடுப்பகுதி வரை ஒரே சீராகவும் விரைவாகவும் சென்று சேர வேண்டும்.

மைனஸ் 196 டிகிரியில் காலம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே விந்தணுவின் வேதிவினைகள் அனைத்தும் நின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் 1968-இல் உறைய வைத்த செம்மறிக் கிடா விந்தை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தியபோது, 56 ஆடுகளில் 34 சினை பிடித்தன. அரை நூற்றாண்டில் கெடாத ஒன்று நம் கையில் அரை நிமிடத்தில் கெட்டுவிடக்கூடும் என்பதே இத்துறையின் மையமான உண்மை.

காரணம் இதுதான். ஏறக்குறைய மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே, குச்சிக்குள் இருக்கும் நுண்ணிய பனிப்படிகங்கள் அசைவற்றுக் கிடக்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட திரவமும் கண்ணாடி போல இறுகியிருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி வெப்பம் ஏறத் தொடங்கியதும், குச்சி இன்னும் உறைந்தே இருந்தாலும், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு ஒட்டி வளர்கின்றன. மின்வெட்டில் சற்றே இளகி மீண்டும் உறைந்த ஐஸ்கிரீமில் பல்லில் நெறுநெறுவெனப் படும் பனித் துகள்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வளர்ந்த படிகங்கள் விந்தணுவின் மேலுறையையும், கருமுட்டையைத் துளைக்க உதவும் தலைக்கவசப் பகுதியையும் கிழிக்கின்றன. குச்சியை மறுபடி நைட்ரஜனில் போடுவதால் கிழிந்தது ஒட்டாது. அடுத்த முறை குச்சி மேலே வரும்போது இன்னும் கொஞ்சம் சேதம் கூடும். பல முறை தூக்கிப் பார்க்கப்பட்ட குச்சியில் இச்சேதங்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

இந்தப் பின்னணியில்தான், திரவ நைட்ரஜனில் குச்சிகளை வைத்திருக்கும் கொள்கலனின் கழுத்தைப் பார்க்க வேண்டும். அடியில் மைனஸ் 196 டிகிரி; வாயிலோ நம் ஊர் வெயில். இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் குறுகிய கழுத்துப் பகுதிக்குள்தான் இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாடும் அடங்கியிருக்கிறது. குச்சிகளைத் தாங்கும் கேனிஸ்டரை வாய்க்கு மேலே முழுவதுமாகத் தூக்கி, காளை எண்ணை நிதானமாகப் படித்துத் தேடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தேடிய ஒரு குச்சிக்காக, தேடாத அத்தனை குச்சிகளும் அந்த நேரத்தில் கெடுகின்றன. கழுத்தின் உட்புறத்தில் தெரியும் உறைபனிக் கோட்டுக்கு மேல் கேனிஸ்டர் வரவே கூடாது. நீண்ட இடுக்கியால் ஒரு குச்சியை மட்டும் எடுக்க வேண்டும். விரலால் தொடக் கூடாது. எட்டு, பத்து விநாடிகளுக்குள் கிடைக்காவிட்டால் கேனிஸ்டரைக் கீழே இறக்கி, நன்றாகக் குளிர விட்டுவிட்டு மீண்டும் முயல வேண்டும். ஒரு கொள்கலனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, இரண்டையும் அருகருகே நிழலில் வைத்து மூன்று முதல் ஐந்து விநாடிகளுக்குள் முடித்துவிட வேண்டும். எந்தக் காளையின் குச்சி எந்தக் கேனிஸ்டரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் தேடும் வேலையே பாதியாகிவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கொள்கலன் இரட்டைச் சுவர் கொண்டது. சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமே அதன் உயிர். வெளிப்புறத்தில் பனி படிந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். குச்சிகளை உடனே வேறு கொள்கலனுக்கு மாற்றியாக வேண்டும். நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருப்பதால் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். மர அளவுகோல் ஒன்றை அடி வரை விட்டு எடுத்து, காற்றில் லேசாக அசைத்தால் திரவம் இருந்த உயரம் வரை வெண்பனி படியும். உள்ளீடற்ற குழாயை விடக் கூடாது. அதன் வழியே நைட்ரஜன் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிவதால், மூடியை இறுக அடைப்பதும், காற்றோட்டமில்லாத அறையிலோ கண்ணாடி ஏற்றிய வாகனத்திலோ வைப்பதும் உயிருக்கே ஆபத்து.

உருக்குதல் இதற்கு நேர்மாறான வேலை. இங்கே வேகமே பாதுகாப்பு, ஏனெனில் படிகங்கள் வளரக்கூடிய வெப்பநிலைகளை விந்தணு எவ்வளவு விரைவாகக் கடக்கிறதோ அவ்வளவு நல்லது. எடுத்த குச்சியை ஒருமுறை உதறி, ஒட்டியிருக்கும் நைட்ரஜனை நீக்கி, 37 டிகிரி செல்சியஸ் நீரில் 30 விநாடிகள் முழுவதும் மூழ்க விட வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பைக் கணிப்பது போதாது, வெப்பமானி வேண்டும். சட்டைப் பையில் போட்டோ, உள்ளங்கையில் உருட்டியோ, வெறும் காற்றிலோ உருக்கும்போது குச்சி அந்த ஆபத்தான எல்லைகளை மெதுவாகக் கடக்கிறது. வெயிலூரில் இருப்பதால் காற்றே போதும் என்று எண்ணுவது தவறு. நீரைவிடக் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துகிறது.

உருகிய குச்சியைத் தாளாலோ பஞ்சாலோ ஈரம் போகத் துடைப்பது சிறிய செயலாகத் தோன்றும். ஆனால் வெட்டும்போது ஒரு சொட்டு நீர் உள்ளே புகுந்தாலும், உப்பற்ற அந்நீர் விந்தணுக்களுக்குள் பாய்ந்து அவற்றை உப்பச் செய்து வாலைச் சுருட்டிவிடும். குச்சியின் ஒரு முனையில், இரண்டு பஞ்சுத் துண்டுகளுக்கு நடுவே ஈரம் பட்டதும் கூழாகி அடைத்துக்கொள்ளும் பொடி இருக்கும். மறுமுனை வெப்பத்தாலோ ஒலியலையாலோ ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சு முனை, விந்தைச் செலுத்தும் கருவியான துப்பாக்கிக்குள், அதன் தள்ளும் தண்டை நோக்கிச் செல்ல வேண்டும், ஏனெனில் தண்டு தள்ளும்போது அந்த அடைப்பே உலக்கையாக நகர்ந்து விந்தை வெளியேற்றுகிறது. ஒட்டிய முனையைக் காற்றுக் குமிழி இருக்கும் இடத்தில், நேர் குறுக்காக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் மேலே போடும் உறையில் குச்சி சரியாகப் பொருந்தாமல், விந்தின் ஒரு பகுதி பின்னோக்கி வழிந்து வீணாகும்.

உருகிய விந்தணுவுக்குக் குளிரும் ஆகாது, சூடும் ஆகாது. மார்கழிக் காலையில் சில்லிட்ட துப்பாக்கியில் ஏற்றினாலும், சித்திரை வெயிலில் காய்ந்த துப்பாக்கியில் ஏற்றினாலும் பாதிப்பு உண்டு. துப்பாக்கியையும் முன்கூட்டியே மிதமான சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உருக்கியது முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், கருப்பைக் கழுத்தைத் தாண்டிக் கருப்பையின் உடற்பகுதியில் விந்தை மெதுவாகச் செலுத்திவிட வேண்டும். உறைந்து உருகிய விந்தணு உள்ளே ஏறக்குறைய ஒரு நாள்தான் தாக்குப்பிடிக்கும் என்பதால், காலையில் பருவ அறிகுறி கண்ட மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போடுகிறார்கள்.

ஆகவே கொட்டகையில் வேலையின் வரிசை முக்கியம். மாட்டை நிழலில் கட்டி, பருவம் உறுதிதானா என்று பரிசோதித்து, வெந்நீரைக் குடுவையில் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, துப்பாக்கி, உறை, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகே கொள்கலனின் மூடியைத் திறக்க வேண்டும். ஊசி போட வருபவர் கேட்பதற்கு முன்பே வெந்நீரையும் நிழலையும் ஆயத்தமாக வைத்திருப்பதும், குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் குறித்துக்கொள்வதும் மாடு வளர்ப்பவரால் எளிதாகச் செய்யக்கூடியவை.