குளிசையை நிறுத்திவிட்டுத் தியானத்துக்குப் போகாதீர்கள்

போன மாதம் இன்னொருவர். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன். மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போவதற்காகக் குளிசையைத் தானாகவே நிறுத்தியிருக்கிறார். மனநோய் இருக்கிறதா, மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று விண்ணப்பப் படிவத்தில் தெளிவாகவே கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதச் சொன்னது அவருடைய தியானக் குழுவில் இருந்த ஒரு அண்ணா. முகாமில் நித்திரை போனது, களைப்பு மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து விடிய விடியப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா பயந்துபோய்க் குழுவுக்கு அறிவித்தால், வாட்ஸ்அப்பில் வந்த பதில் இதுதான்: "பயப்படாதீங்கோ, உள்ள இருக்கிற சங்காரம் எல்லாம் வெளியேறுது."

சங்காரம் என்று அவர்கள் சொல்வது, மனதில் படிந்து கிடக்கும் பழைய பதிவுகளைக் குறிக்கும் பாளிச் சொல். இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். தியானத்துக்கு விரோதி இல்லை, நானும் ஒரு சின்னக் குழுவோடு உட்காரும் ஆள்தான். லித்தியத்தைத் திடீரென்று ஏன் விடக்கூடாது என்பதை உங்கள் டொக்டரே சொல்லியிருப்பார், அதற்குள் நான் போகவில்லை. அதிகாலை 4 மணிக்கு எழும்புவதும், இராச் சாப்பாடு இல்லாமல் இருப்பதும், ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் கண்மூடி உட்காருவதும் இந்த நோய் உள்ளவரை என்ன செய்யும் என்பதும் அப்படித்தான்.

ஆனால் அந்தச் 'சங்காரம் வெளியேறுது' கதையைக் கொஞ்சம் விலாவாரியாகப் பேச வேண்டும். மூன்றாம் நாள் காரணம் தெரியாமல் அழுகை வரும், முழங்கால் வலிக்கும், பத்து வருஷத்துக்கு முந்திய சண்டை ஒன்று ஞாபகத்துக்கு வந்து அண்ணன்மீது ஆத்திரம் வரும். சரி, இதெல்லாம் வரட்டும். அந்த ஆள் சாப்பிடுகிறார், படுத்தால் தூங்குகிறார், அடுத்த நாள் யாராவது பகிடி விட்டால் சிரிக்கிறார். இது நடப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அடுத்தடுத்து இரண்டு இரவு நித்திரை இல்லாமலே உற்சாகம் கூடுவது, தனக்கு மட்டும் ஏதோ விசேஷமாக வெளிப்பட்டதாக நம்புவது, யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, கை கால் தன்னுடையதில்லை என்ற உணர்வு முகாம் முடிந்த பிறகும் நாட்கணக்கில் விடாமல் இருப்பது, செத்துப்போனால் நல்லது என்று தோன்றுவது, இவை வேறு வகை. இவற்றை எந்தப் பாளிச் சொல்லாலும் மூடி வைக்காதீர்கள். நீரிழிவுக்காரர் மயங்கி விழும்போது உடம்பு சுத்தமாகிறது என்று சொல்லிக்கொண்டு பார்த்திருப்பீர்களா?

தியானத்தால் கெடுதலே வராது என்று சொல்பவர்கள் பௌத்தர்களின் மூலநூலான திரிபிடகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். வேசாலியில் உடலின் அருவருப்பைத் தியானித்த பிக்குகளில் பலர் அந்த வெறுப்பு முற்றி உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று அங்கே எழுதியே இருக்கிறது. சங்கம் மெலிந்துபோனதைக் கண்டு புத்தர் ஆனந்தரிடம் காரணம் கேட்டு, மிச்சமிருந்தவர்களைக் கூட்டி, மூச்சைக் கவனிக்கும் தியானத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒரே பயிற்சி எல்லோருக்கும் ஒத்துவராது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. மேகியர் என்ற பிக்குவின் கதையும் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறு என்று புத்தர் சொல்லச் சொல்லக் கேட்காமல் மாந்தோப்புக்குத் தனியே தியானிக்கப் போய், கெட்ட எண்ணங்கள் மொய்த்துத் திரும்பி வந்தவர். அவருக்கு முதலில் சொல்லப்பட்டது, நல்ல நண்பர்கள் வேண்டும் என்பதுதான். சின்னத் தியானக் குழு ஒன்று இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. மணி அடித்து ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, பிளேன்டீ குடித்து, ஒருவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாமலே கலைந்துபோகும் குழுவை என்னவென்று சொல்வது?

நம்மூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே தமிழ் வீடுகளில் புத்தர் என்றால் அரசியல். 2005இல் நகர மத்தியில் வைத்த புத்தர் சிலையால் எத்தனை நாள் பதற்றம் என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும், அந்தப் பயத்துக்கு நியாயமும் உண்டு. பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை சோழர் காலத்தில் ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடும் தமிழ்க் கல்வெட்டுகளோடும் இருந்தது, தமிழ்ப் பௌத்தர் என்று ஆட்கள் இருந்தார்கள் என்றெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை? அதனால் 'கண்டிக்கு ஒரு டிரெயினிங்' என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியாததால் கிளினிக்குக்கும் தெரியாது. ஏதாவது பிசகினால் குழுவில் உள்ளவர்கள் மட்டும்தான் சாட்சி, அவர்களும் பேசாமல் இருப்பார்கள். தயவுசெய்து வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். மதம் மாறப் போவதில்லை, கோணேசர் கோயிலுக்கும் தொடர்ந்து வருவேன் என்று சொன்னால் அநேகமான அம்மாக்கள் இறங்கி வருவார்கள்.

வெளித் தொடர்புகள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சின்னக் குழு பெரிய நிலையங்களோடு உறவு வைத்துக்கொள்வது நல்லது. கண்டிக்குப் பக்கத்தில் நிலம்பைத் தியான நிலையத்தில் ஆசிரியராக இருந்த கொட்வின் சமரரத்ன (அவர் 2000இல் காலமானார்) எந்த மதத்தவரையும் அப்படியே ஏற்று, மனதோடு நட்பாக இருக்கச் சொல்லிக்கொடுத்த மரபு இந்த நாட்டில் இருக்கிறது, அது நமக்குக் கிடைத்த கொடை. ஆனால் 'எங்கட குழுவில இருந்து இந்த முறை நாலு பேர்' என்று எண்ணிக்கை காட்டவா ஆள் அனுப்புகிறீர்கள்? சிங்களமோ ஆங்கிலமோ ஓடாத ஒருவர், ஆசிரியரைத் தனியே சந்திக்கும்போது தனக்கு நடப்பதை எந்த மொழியில் சொல்வார்? தமிழில் கேட்டு மொழிபெயர்க்க ஆள் இருக்கிறதா என்று முதலே விசாரியுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை போகலாம், ஞானம் எங்கேயும் ஓடிப்போகாது.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள். நிலையம் வேண்டாம் என்றால் அது அவமானமில்லை, உங்களைப் பொறுப்போடு பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டிக் கேட்காமல் ஒரு குளிசையும் குறையக்கூடாது. யுத்தத்திலோ சுனாமியிலோ ஆட்களைப் பறிகொடுத்தவர்கள், காணாமல்போன பிள்ளைக்கு இன்னும் காத்திருப்பவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். கண்ணை மூடி உடம்பைக் கவனி என்றதும் அவர்களில் சிலருக்கு அந்த நாளே திரும்பி வந்துவிடும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளட்டும், பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடக்கட்டும், பத்து நிமிஷம் போதும். எழும்பி வெளியே போக விரும்பினால் யாரும் முறைக்காதீர்கள்.

குழுவை நடத்துபவர்களே, முகாம் முடிந்து வந்தவரின் வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் ஒருவர் நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் கும்பிடு போடுவது போனதாகாது. சாப்பிட்டாரா, நித்திரை கொள்கிறாரா என்று அவரிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள். இரண்டு இரவு நித்திரை இல்லையென்றால் போயா தினம், ஞாயிறு என்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், சாகும் பேச்சு வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழில் பேசலாம். குழுவில் எல்லோருடைய போனிலும் அது இன்றைக்கே இருக்கட்டும்.