அடியில் இருக்கும் நான்கு எழுத்து

போன மாதம் ஒருவர் மஞ்சள் கண்ணாடிக் குவளை ஒன்றைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மேசையில் வைத்த கையோடு கவிழ்த்துவிட்டார்.

"பாருங்க சார், சியான்லோங் முத்திரை!"

பழம்பொருள் மதிப்பிடும் வேலையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். பொருளைப் பார்க்கும் முன்பே, அடியில் சீனப் பேரரசரின் பெயரோடு இருக்கும் நான்கு எழுத்து முத்திரையைப் பார்க்கிறார்கள்.

ஆசை நியாயமானதுதான். 1696-இல் சீனப் பேரரசர் காங்சி பெய்ஜிங்கில் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கினார். அதை அமைத்துக் கொடுத்தவர் கிலியன் ஷ்டும்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவி. காங்சியின் பேரன் சியான்லோங் காலத்தில் (1736–1795) அந்தக் கலை உச்சத்துக்குப் போனது. ஐரோப்பாக்காரர்களுக்குக் கண்ணாடி என்றால் பளிங்குபோலத் தெளிவாக இருக்க வேண்டும். சீனாவிலோ ஜேடு, பவளம், அம்பர் என்று கல்லாகவே தோன்றும்படி நிறமேற்றினார்கள். வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்பையோ நீலத்தையோ போர்த்தி, ஆறியபின் ரத்தினக்கல் போலச் சாணைச் சக்கரத்தில் வெட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மூக்குப்பொடிக் குப்பிக்கும் அதே உழைப்பு.

அந்தச் சக்கரம்தான் எனக்குச் சாட்சி. வட்டமான சக்கரம் வெட்டிய கோடு நடுவில் ஆழமாகவும் இரு முனையிலும் படகுபோல மேலேறியும் இருக்கும். அமிலத்தில் அரித்த போலி எழுத்து அப்படி இருக்காது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழம், ஒரே மங்கல். பத்து மடங்கு லென்ஸ் போதும். அதோடு, அடிவிளிம்பின் தேய்மானத்தையும் பாருங்கள். பல கைகளில் புழங்கிய பொருளில் கீறல்கள் தாறுமாறாக ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் எல்லாம் ஒரே வாக்கில் இருக்கும்.

சரி, முத்திரை உண்மையாகவே வெட்டியதாக இருந்தால்? அப்போதும் அவசரம் வேண்டாம். முத்திரையே இல்லாத பழைய குவளையில் பின்னாளில் எழுத்தை வெட்டி விலையை ஏற்றுவதும் உண்டு. அரண்மனைப் பொருட்களிலேயே முத்திரை இல்லாதவை இருக்கின்றன.

இன்னொன்று: பழசைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். காங்சி காலத்துக் கண்ணாடி சிலவற்றில் காரம் அதிகம், சுண்ணாம்பு குறைவு. ஈரம் பட்டால் வலைபோல விரிசல் பரவும். பிறகு சரிசெய்யவே முடியாது.

அந்த மஞ்சள் குவளையின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டினேன். மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு அச்சுத் தையல், அதாவது அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு. அவர் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தவர், துண்டைத் தேடினார்.