முட்டுச்சந்து பெருகுனா மெயின் ரோடு ஏன் திணறுது?

பாண்டிச்சேரில நேரு வீதியும் மிஷன் வீதியும் வெட்டிக்கிற எடத்துல நின்னா நாலு பக்கமும் வழி இருக்கு, ஒண்ணு அடைச்சிருந்தா அடுத்த வீதில பூந்து போயிடலாம். டச்சுக்காரங்க 1693ல ஊரைப் புடிச்சி 1699ல திருப்பிக் குடுக்கறதுக்குள்ள போட்ட கட்டம் கட்டமான பிளான்தான் இதுக்கு அடிப்படை. 1761ல இங்கிலீஷ்காரங்க ஊரையே இடிச்சித் தள்ளுனாங்க, பிரெஞ்சுக்காரங்க திரும்பக் கட்டுனப்பவும் தெருவெல்லாம் பெரும்பாலும் பழைய கோட்டுலயேதான் வந்துச்சி. வீடு போகும் வரும், ஒருதரம் போட்ட தெரு லேசுல மாறாது.

தெருவெல்லாம் எவ்ளோ நல்லா இணைஞ்சிருக்குன்னு அளக்க ஒரு சுலபமான வழி, ஒவ்வொரு முனைலயும் எத்தன ரோடு சேருதுன்னு எண்றது. நாலு ரோடுன்னா 4, முக்கூட்டுன்னா 3, முட்டுச்சந்துன்னா 1. கட்டம் போட்ட ஊர்ல மூணு தெரு கிழக்க, மூணு தெரு தெக்கன்னு போகணும்னா சுத்தாம போற வழி மட்டுமே 20 இருக்கு (கணக்கு போட்டுப் பாருங்க, சரியா வரும்). மரக்கிளை மாதிரி பிரிஞ்சி பிரிஞ்சி முட்டுச்சந்துல முடியற நகர்ல ஒரு வீட்லருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரே வழிதான், அதுல ஒரு பள்ளம் தோண்டுனா போச்சி, அந்தப் பக்கம் இருக்கற அத்தன பேரும் மாட்டிக்குவாங்க.

ஊரு வளர வளர இது எப்படி வருதுன்னா, வெளிய இருக்கற வயலை ஒவ்வொருத்தரும் தனித்தனியா பிளாட் போடறாங்க, அவங்கவங்க லேஅவுட்டுக்கு மெயின் ரோட்லருந்து ஒரு வாசல், உள்ள நாலஞ்சி குறுக்குத் தெரு, கடைசில காம்பவுண்டு சுவர். சுவத்துக்கு அந்தாண்ட அடுத்த நகரோட ரோடும் அதே மாதிரி முட்டி நிக்கும். அங்க சமைக்கற வாசனை இங்க வரும், ஆனா போகணும்னா மெயின் ரோட்டுக்கு வந்து சுத்திதான் போகணும். பக்கத்துல பால் வாங்கக் கூட வண்டிய எடுக்கறாங்க, எல்லா வண்டியும் அந்த ஒரே மெயின் ரோட்டுக்கு வருது, அப்புறம் ரோட்டை எவ்ளோ அகலம் பண்ணாலும் பத்தல.

பேரிங்டன்-லீ, மில்லார்ட்-பால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் (ஆளாளுக்கு சேந்து போடற இலவச இணைய வரைபடம்), சாட்டிலைட் படம் ரெண்டையும் வச்சி உலகம் முழுக்க அளந்து 2020ல வெளியிட்டாங்க, 1975லருந்து உலகத்துல பல எடத்துல புதுசா வர்ற தெருவோட இணைப்பு கொறஞ்சிட்டே வருதுன்னு அதுல வந்துச்சி. அமெரிக்காவுல இந்த முட்டுச்சந்துப் பழக்கம் 1990கள்ல உச்சத்துக்குப் போய் அப்புறம் கொஞ்சம் திருந்திருக்கு, அதனால இதை மாத்தவே முடியாதுன்னு இல்ல.

லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்கும்போதே ரோட்டை எல்லை வரைக்கும் விட்டு, பக்கத்து நெலத்துக்காரரும் அதே எடத்துல ரோடு விடணும்னு கட்டாயப்படுத்துனா பாதி பிரச்சன தீரும். ஏற்கெனவே கட்டி முடிச்ச எடத்துல சுவத்துல ஆளும் சைக்கிளும் போற அளவுக்கு ஒரு சந்து விட்டாலே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற பசங்களுக்கு பெரிய சுத்து கொறையும்.