வரையும் முன் கதை சொன்னவரிடம் போங்கள்

சின்ன வயதில் கேட்ட கதையை அனிமேஷன் படமாக்க வரும் தம்பி தங்கைகள் முதலில் கேரக்டர் டிசைனைத்தான் காட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாத வேலை வீணானது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். கதை என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்னது. கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில், வரப்பு வளைக்குள் ஒரு நண்டு படுத்திருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி வருகிற சத்தம் அதற்குத்தான் முதலில் கேட்கிறது. ஊருக்குச் சொல்லப் போகிறது, ஒருவரும் நம்பவில்லை. கதை அவ்வளவுதான்.

நினைவில் இருந்ததை வைத்தே காட்சிகளைப் படம் படமாக வரைந்து ஸ்டோரிபோர்டு போட்டேன். அந்தப் படங்களை என் குரலோடு வரிசையாக ஓடவிட்டு அனிமேட்டிக் செய்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். ஏன் என்று பிடிபடவில்லை. சரி என்று ஊருக்குப் போய், போனில் ரெக்கார்டு போட்டு அப்பாயியையே சொல்லச் சொன்னேன்.

“நண்டு காதைத் தீட்டிக்கிட்டு கேக்குது…” என்றவர் நிறுத்தினார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். ஒரு வெற்றிலையை எடுத்து முந்தானையில் துடைத்தார், காம்பைக் கிள்ளிப் போட்டார். சுற்றி இருந்த பிள்ளைகள் யாரும் அசையவில்லை. அப்புறம்தான், “சளசளசளன்னு ஒரு சத்தம்.”

பதிவில் அளந்து பார்த்தேன். ஆறு நொடி. என் அனிமேட்டிக்கில் அந்த இடத்துக்கு அரை நொடி கொடுத்திருந்தேன்.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 ஓவியங்கள். இத்தனையும் வரைந்தபின் நிறுத்தம் சரியில்லை என்று தெரிந்தால் அழுகைதான் வரும். அனிமேட்டிக்கிலேயே பிடித்துவிட வேண்டும். அந்த ஆறு நொடியில் நண்டின் காம்புக் கண் ஒன்று மெல்ல எழும்புவது மட்டும் போதும் என்று முடிவு செய்தோம்.

அனிமேட்டிக்கை அப்பாயிக்கும் காட்டினேன். “ஏன்டா தம்பி, புதுத்தண்ணி இப்படித் தெளிவா, நீலமாவா வரும்?” என்றார். அந்த வருடம் தண்ணீர் வந்த அன்று வாய்க்காலில் போய் உட்கார்ந்தேன். முதலில் தண்ணீரே தெரியவில்லை. சருகும் வைக்கோலும் அழுக்கு நுரையும் தாமாக நகர்ந்து வருவதுபோல் இருந்தது. ஒரு வெடிப்பு வந்ததும் அப்படியே நின்றது. வெடிப்பு குடித்து முடிக்கும்வரை குமிழ் குமிழாக வந்தது. நிரம்பியதும் மறுபடி நகர்ந்தது. நாங்களோ ஒரே வேகத்தில் ஓடவிட்டிருந்தோம்! அந்த ஷாட்டை நின்று நின்று நகர்வதாக முழுதும் மாற்றினோம். இப்போது படத்திலேயே எனக்குப் பிடித்த ஷாட் அதுதான்.

பதிவு செய்யும்போது ஃபேனை நிறுத்துங்கள், குறுக்கே பேசாதீர்கள். ஒரு பிள்ளையாவது பக்கத்தில் இருக்கட்டும்; வெறும் போனைப் பார்த்து யாருக்கும் கதை வராது. படத்துக்காகத்தான் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அதே கதையை இன்னொருவரிடமும் கேளுங்கள். என் அத்தை சொல்லும் கதையில் நண்டு ஊருக்குள் வருவதே இல்லை, மதகடியிலேயே முடிந்துவிடுகிறது.

தள்ளிப் போடாதீர்கள். அடுத்த ஆடிப்பெருக்குக்குப் போனபோது அப்பாயிக்குக் கதையின் நடுப்பகுதி மறந்துபோயிருந்தது.

இன்னொன்று. வாய்வழியாக வந்த கதை ஊருக்கே பொது. ஆனால் ஒருவர் அதைத் தன் நடையில் புத்தகமாக எழுதியிருந்தால், அந்த எழுத்து அவருடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழும் காலமும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. அதை எடுப்பதானால் வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

குரலுக்கு ஸ்டுடியோவில் ஒரு கலைஞரைப் பேசவைத்தோம். நன்றாகவே பேசினார். ஆனாலும் போனில் பதிந்த அப்பாயி குரலையே இரைச்சல் குறைத்துப் போட்டோம். வெற்றிலைப் பெட்டியைப் படத்தில் காட்டவில்லை. அது திறக்கிற சத்தத்தை மட்டும் நீக்காமல் விட்டுவிட்டோம்.