பதற்றம் வந்தால் கை ஏன் போனைத் தேடுகிறது?

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் "எனக்கு செல்போன்தான் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு நிற்கவில்லை என்றுதான் வருகிறார்கள். பேசப் பேசத்தான் மற்றது வெளியே வரும்: கண் விழித்ததும் போன், சாப்பிடும்போது போன், நடுராத்திரி தூக்கம் கலைந்தால் மறுபடியும் போன், சார்ஜ் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உள்ளங்கை வியர்ப்பது வரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'செல்போன் அடிமைத்தனம்' இன்னும் அதிகாரப்பூர்வமான நோய்ப் பெயர் ஆகவில்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, செல்போன் இல்லை. அதனால் நிறைய நேரம் போன் பார்க்கிற எல்லோரையும் நோயாளி ஆக்கிவிடக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பதை நான் அப்புறம்தான் கேட்பேன். போனைக் கையில் எடுப்பதற்குச் சற்று முன்னால் உங்களுக்குள் என்ன ஓடியது என்பதுதான் என் முதல் கேள்வி.

பெரும்பாலும் கிடைக்கிற பதில் ஏதோ ஒரு சங்கடம். மேலதிகாரிக்குப் பதில் அனுப்ப வேண்டும், பயமாக இருக்கிறது. கூட்டத்தில் யாரோடு பேசுவது என்று தெரியவில்லை. படிக்க உட்கார்ந்தால் வயிற்றைப் பிசைகிறது. போனை எடுத்ததும் அந்தச் சங்கடம் சட்டென்று தணிகிறது, மூளை அதை நன்றாகக் கற்றுக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சின்னச் சங்கடத்துக்கே கை தானாகப் போய்விடுகிறது. பயந்த வேலை அப்படியே கிடக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, பதற்றம் கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும் என்பதை நேரில் அனுபவிக்கிற வாய்ப்பு போய்விடுவது. கதவைப் பூட்டிவிட்டுப் பத்து முறை இழுத்துப் பார்க்கிறவரிடம் நடப்பதும் இதேதான். ப்ளூ டிக் விழுந்ததா என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை நான் இந்த வகையில்தான் சேர்ப்பேன்.

குழந்தைகள், இளைஞர்களிடம் நடந்த 41 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் கட்டுப்பாட்டை மீறிய போன் பழக்கம் இருந்தது, அவர்களிடம் பதற்றத்துக்கான சாத்தியம் சுமார் 3 மடங்கு. எது முதலில் வந்தது என்பதை இந்த எண்கள் சொல்லிவிடாது. என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

அதனால்தான் போனைப் பிடுங்கி வைக்கிற பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை பதற்றத்தைச் சமாளிக்க வைத்திருக்கிற ஒரே வழியை, வேறு வழி எதுவும் சொல்லித் தராமல் அடைத்துவிடுகிறீர்கள். 2019-இல் வந்த இன்னொரு ஆய்வில், நோட்டிபிகேஷன்களை நாளுக்கு 3 முறை மட்டும் மொத்தமாகப் பெற்றவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. ஒன்றுமே வராமல் நிறுத்தப்பட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது.

நான் சொல்லித் தருவது தள்ளிப்போடுவதை. கை போனுக்குப் போகும்போது 2 நிமிடம் பொறுங்கள், உடம்பில் எங்கே என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள், அப்புறமும் வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். பழகப் பழக 5 நிமிடம், 10 நிமிடம் என்று நீட்டலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள், பயமான வேலைக்கு நடுவே வேண்டாம். படுக்கையறைக்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டு போனை வெளியே சார்ஜில் போடுங்கள். ஆரம்ப நாட்களில் படபடப்பு கூடத்தான் செய்யும், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அந்தக் கட்டத்தைத் தாண்டினால்தான் மாற்றம் தெரியும்.

படபடப்பு, தூக்கமின்மை, வேலைக்கோ வகுப்புக்கோ போகத் தயங்குவது இவையெல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். போன் பழக்கத்தையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.