சன்ஷைன் பாப்: சூரிய ஒளியா, இளவெயிலா?

‘கனடாவின் சூரிய ஒளி பாப் இசைப்பட்டையின் சுருக்கமான தொழில் வாழ்க்கை.’ மொழிபெயர்ப்பு என்ற பெயரில் இந்த மாதிரி வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சொல்ல வந்தது இவ்வளவுதான்: கொஞ்ச காலம் பாடிவிட்டுக் கலைந்துபோன ஒரு கனடியக் குழு. பேச்சையும் கடிதத்தையும் சுருக்கலாம், காலத்தை எப்படிச் சுருக்குவது? ‘பேண்ட்’ என்ற இசைக்குழுவைப் பட்டை ஆக்கியிருக்கிறார்கள்; பட்டை இடுப்பில் கட்டுவது, இல்லையென்றால் மரத்தில் உரிப்பது. இந்த இரண்டையும் மன்னித்துவிடலாம், படிப்பவரே திருத்திக்கொள்வார். சன்ஷைன் பாப் என்ற இசைவகைக்கு வைத்த ‘சூரிய ஒளி பாப்’ அப்படியில்லை. பார்வைக்குச் சரியாக இருப்பதால் அப்படியே நிலைத்துவிடப் பார்க்கிறது.

பாப் என்பது பாப்புலரின் சுருக்கம். மூலம் லத்தீனில் மக்களைக் குறிக்கும் சொல். சன்ஷைன் நேராக வெயில். இந்த வகைக் குழுக்கள் பாடிய நாளில் தங்களை யாரும் சன்ஷைன் பாப் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1960களின் பிற்பாதியில் வந்த ஒருவகைப் பாட்டுகளுக்கு இசைத்தட்டுச் சேகரிப்பவர்களும் விமர்சகர்களும் பின்னாளில் ஒட்டிய சீட்டு அது. கலிபோர்னியாவின் தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ், தி அசோசியேஷன், தி ஃபிஃப்த் டைமென்ஷன் போன்ற குழுக்களை வைத்து அந்தச் சீட்டு எழுதப்பட்டது. அவற்றுள் முதல் குழுவில் பாடிய டென்னி டோஹர்ட்டி கனடாவின் ஹாலிஃபாக்ஸ்காரர்.

தமிழில் ‘சூரிய ஒளி’ எங்கே வருகிறது? சூரிய ஒளி மின்சாரம், சூரிய ஒளி மின்தகடு, ஒளிச்சேர்க்கைப் பாடம். அது அறிவியல் புத்தகச் சொல். யாரும் சூரிய ஒளியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை, வெயிலில்தான் உட்காருகிறோம். நம் ஊர் வெயில் கொளுத்தும், அதில் என்ன இன்பம் என்று ஒரு மறுப்பு வரும். வெயிலுக்கு வேர் வெம்மை என்பதும் உண்மைதான். ஆனால் வெயில் காய்தல் என்று ஒரு வழக்கு இருக்கிறதே. மார்கழிக் காலையில் திண்ணையில் முதுகைக் காட்டி உட்காருவதற்கு வேறு பெயர் கிடையாது. அந்த வெயிலின் பெயர் இளவெயில். சன்ஷைன் பாப்பில் இருப்பதும் அந்த இதம்தான், உச்சிவெயில் அல்ல. ஆகவே இளவெயில் பாப்.

இதற்குப் போட்டியாக நிற்பது ‘கதிரொளித் துள்ளிசை’. தனித்தமிழ்க்காரர்களுக்கு இது பிடிக்கும், ஓசையும் நன்றாகத்தான் இருக்கிறது. பாப் இசைக்குத் துள்ளிசை என்பதே சிலர் புழங்கும் சொல். இலங்கைத் தமிழில் பொப்பிசை என்றே வேரூன்றிவிட்டது. பைலா என்ற ஆட்டப் பாட்டு கலந்த அந்தப் பாட்டுகள் உண்மையிலேயே துள்ளும், அங்கே துள்ளிசை என்றாலும் பொருந்தும். ஆனால் இளவெயில் பாப் துள்ளாது. நடுத்தர வேகத்தில் மிதக்கும். தாளத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குரல்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மிதப்பதற்குத் துள்ளல் என்று பெயர் வைத்தால், பெயரை நம்பிக் கேட்பவர் மூன்றாவது பாட்டிலேயே ஏமாந்துபோவார். தூய்மை வேண்டும்தான், அதற்காகப் பொருளைக் காவு கொடுக்க வேண்டுமா? கதிரொளிக்கும் ஒரு குறை, மருத்துவமனைக் கதிர்வீச்சு அறையை நினைவூட்டும். பாப் என்ற இரண்டெழுத்தைத் தமிழர் எல்லோரும் சொல்கிறார்கள், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

துள்ளலைவிடப் பெரிய குழப்பம் கோரஸில். இந்தக் குழுக்களைப் பற்றி எழுதும்போது ‘கோரஸாகப் பாடினார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். நம் பேச்சில் கோரஸ் என்றால் எல்லோரும் ஒரே சுரத்தைச் சேர்ந்து பாடுவது. இங்கே ஒருவர் பாடும் சுரத்தை மற்றவர் பாடமாட்டார். இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள குழு என்றால், தாழ்ந்த ஆண்குரல் ஷட்ஜம் (ச), அடுத்த ஆண்குரல் பஞ்சமம் (ப), கீழ்ப் பெண்குரல் மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம் (க), உச்சியில் இருப்பவர் காகலி நிஷாதம் (நி). நான்கும் ஒரே நேரத்தில் ஒலித்தால் மேஜர் செவன்த் என்ற கார்டு, அதாவது சுரக்கூட்டு. அந்த இளஞ்சூட்டில் பெரும்பங்கு இந்த அடுக்கினுடையது.

கெடுவதும் இதே இடத்தில்தான். காகலி நிஷாதம் மேல் ஷட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே நிற்கிறது. பாடுபவரின் காது அதை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். இழுபட்டு ஷட்ஜத்தில் போய் விழுந்துவிட்டால் மிஞ்சுவது சாதாரண மேஜர் கார்டு, வெயில் போய்விடும். இன்னொருவர் மேல் ஷட்ஜத்தை நிஷாதத்துக்குப் பக்கத்திலேயே பாடினால் இரண்டும் உரசி நாராசமாகும். அதனால்தான் ஷட்ஜத்தை அடியிலும் நிஷாதத்தை உச்சியிலுமாகப் பிரித்து வைக்கிறார்கள். சுரத்தை அசைக்கும் கமகம் கூடவே கூடாது, சுரம் கோடு போட்டதுபோல் நிற்க வேண்டும். ‘ஆ’ என்றால் நான்கு வாயும் ஒரே அளவு திறக்க வேண்டும். சொல் ‘ஸ்’ என்று முடிந்தால் ஒருவர் மட்டும் அதை உச்சரிப்பார். நால்வரும் சொன்னால் பாம்பு சீறும். பிறகு நால்வரும் அதே பகுதியை இன்னொரு டிராக்கில் மறுபடி பாடி எட்டுக் குரலாக்குவது உண்டு. இத்தனைக்கும் கோரஸ் என்ற ஒரே சொல் போதாது. அடுக்குக்குரல் என்று எழுதினால் வேலை முடிந்தது.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்குக் கனடாவிலேயே சான்று இருக்கிறது. 1974இல் அமெரிக்க இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த டெரி ஜாக்ஸின் ‘சீசன்ஸ் இன் தி சன்’ பாட்டைத் தலைப்பில் சூரியன் இருப்பதற்காகவே இந்த வகையில் போடுகிறவர்கள் உண்டு. அது சாகப்போகிற ஒருவன் விடைபெறும் பாட்டு. பெல்ஜியப் பாடகர் ஜாக் பிரெலின் பிரெஞ்சு மூலத்துக்குப் பெயரே ‘லு மோரிபோன்’, சாகக் கிடப்பவன். அதே டெரி ஜாக்ஸும் மனைவி சூசனும் வான்கூவரில் நடத்திய தி பாப்பி ஃபேமிலியையும் இதே கூடையில் போடுகிறார்கள். அந்தக் குழுவில் சத்வந்த் சிங் தபலா வாசித்தார். குரல் இனிமை சரி, பாட்டின் மனநிலை மூட்டம்.

வகைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கனடியக் குழு டொராண்டோவின் தி சுகர் ஷாப். 1967இல் பீட்டர் மான் தொடங்கியது. லீ ஹாரிஸ், லாரி ஹூட், விக்டர் கார்பர் மற்ற மூவர். ஆக, மேலே சொன்ன நான்கு குரல். கனடா கூட்டாட்சிக்கு அது நூறாவது ஆண்டு, மான்ட்ரியலில் எக்ஸ்போ 67 என்ற உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. பாபி ஜிம்பி நூற்றாண்டுக்காக எழுதி, சிறுவர்களை வைத்துப் பாடவைத்த ‘கனடா’ பாட்டை இவர்கள் தங்கள் அடுக்குக்குரலில் பாடிக் கவனம் பெற்றார்கள். 1968இல் கேபிடல் நிறுவனத்தில் ஓர் ஆல்பம், அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சி, ஜானி கார்சனின் டுனைட் ஷோ. பிறகு கலைந்துவிட்டார்கள். கனடிய ஏ.எம். வானொலிகள் 30 விழுக்காடு கனடிய இசை ஒலிபரப்பவேண்டும் என்ற விதி 1971இல்தான் வந்தது. அதற்கு முன்னால் உள்ளூர்க் குழு பெரிதாக வேண்டுமென்றால் அமெரிக்கக் கதவைத் தட்டியாக வேண்டும். விக்டர் கார்பர் நடிக்கப் போய், 1973இல் ‘காட்ஸ்பெல்’ படத்தில் இயேசுவாகவும் 1997இல் ‘டைட்டானிக்’கில் கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸாகவும் வந்தார். டைட்டானிக் பார்த்த நம்மவர்களில் எத்தனை பேருக்கு அவர் பாடகராக இருந்தது தெரியும்?

இந்தக் குழுவின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. ‘ஷாப்பே’, ‘ஷாப்பி’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் Shoppe என்பதன் கடைசி ‘pe’ எழுத்துகள் பழங்காலக் கடைப்பலகை மாதிரி தோன்றுவதற்காகச் சேர்த்தவை. உச்சரிப்பு ஷாப் என்பதுதான். பெயரை மொழிபெயர்த்துச் ‘சர்க்கரைக் கடை’ ஆக்கினால் கையில் ரேஷன் அட்டையுடன் வரிசையில் நிற்கத் தோன்றும். விளக்கம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் மிட்டாய்க்கடை என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் தி சுகர் ஷாப் என்றே எழுதலாம்.